நாலு எண்ணும் தூரம்

பூந்துட்டான் பரதேசி. ஒரு கார் நுழையற அளவுக்கு இடம் விட்டா கார் நுழையும், லாரி நுழையற அளவுக்கு விட்டா லாரி நுழையும், இது தெரியாம ஓசூர் ஆபீஸ்ல ஏசியில உக்காந்துக்கிட்டு இடைவெளி விடு, இடைவெளி விடுன்னு பாடம் நடத்தறானுங்க. பாளையம் டோல்கேட்டத் தாண்டி முழுசா வெளிய வரல, இடது பக்கத்துல இருந்து ஒரு கிரானைட் லாரி, முதுகுல ரெண்டே ரெண்டு கல்லு, ஒவ்வொண்ணும் ஒரு ரூம் அளவு, இண்டிகேட்டர் இல்ல, கை காட்டல, அப்படியே குறுக்க விழுந்து என் மூக்குக்கு முன்னால வந்துட்டான். நான் பிரேக்க மிதிக்கறதுக்குள்ள கம்பெனிக்காரன் கண்ணாடியில ஒட்டியிருக்கற கேமரா டப்பா வாயத் தொறந்துருச்சு. "முன் வாகனத்துடன் இடைவெளி குறைவு." ஏம்மா மகராசி, குறைச்சது நானா? அவன் வந்து விழுந்தான்ல, அது உன் கண்ணுக்குத் தெரியலயா? தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் முன்னாடி ஒரு வண்டி இருக்கு, கிட்ட இருக்கு, தப்பு மாரப்பன் மேல. காலையில கிருஷ்ணகிரி மேம்பாலத்துல ஒரு கார்க்காரன் புண்ணியத்துல ஒண்ணு, இப்ப இவன் புண்ணியத்துல ஒண்ணு. ரெண்டாச்சு. ஒரே ட்ரிப்புல மூணு தடவை இந்த டப்பா கத்துச்சுன்னா வண்டிய அங்கயே ஓரங்கட்டிட்டு சாவிய ஒப்படைச்சிரணும், அப்புறம் அந்தக் கம்பெனி கேட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது. இந்த வண்டி போச்சுன்னா எனக்கு வேற வண்டி கிடையாது. வயசு அம்பத்தி மூணு, பேருல ஒரு ஆக்சிடென்ட். சங்ககிரியில ஏறாத ஆபீஸ் இல்ல, பார்க்காத ஓனர் இல்ல, டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சானுங்க. கடைசியில இந்தப் பெயிண்ட் கம்பெனிதான் ஏத்துக்கிச்சு. முப்பது வருசமா ஸ்டேரிங் பிடிச்ச கை வேற என்னத்தப் பிடிக்கும்? சொல்லுங்கடா பார்ப்போம்.

சரி, விடு. பின்னால வா. விட்டுப் பிடி. ரோட்டோரக் கம்பத்த அவன் தாண்டறான், எண்ணு. ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு, ஆயிரத்தி மூணு. நான் தாண்டிட்டேன். மூணுதான். நாலு வரணும். ஒரு பையன் வந்து கிளாஸ் எடுத்தான், மழமழன்னு முகம், லாரிப் படியில கால் வெச்சுக்கூட ஏறியிருக்க மாட்டான். முன்னாடி போற வண்டி ஒரு கம்பத்தத் தாண்டறப்ப எண்ண ஆரம்பிங்கண்ணா, நீங்க அந்தக் கம்பத்துக்கு வர்றதுக்குள்ள நாலு எண்ணியிருக்கணும், லோடு இருந்தா அஞ்சு, மழைன்னா ஆறு, மேட்ல இருந்து இறங்கறப்ப இன்னும் கூட, அப்படின்னான். எனக்கு எண்ணச் சொல்லித் தர்றான். பக்கத்துல இருந்த ஒருத்தன், ஏன் சார் ராத்திரி தூக்கம் வரலைன்னாலும் இதையே எண்ணலாமான்னு கேட்டான், எல்லாரும் சிரிச்சோம், நானும் சிரிச்சேன். ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு, ஆயிரத்தி மூணு, ஆயிரத்தி நாலு. இப்ப சரி. இப்ப என்ன, பின்னாடி பஸ்சுக்காரனுக்குப் பொறுக்கல. ஹாரன் மேலயே படுத்துட்டான். ஏன்டா, முன்னாடி இடம் கிடக்குது, நீ ஏன் நிரப்பாம வர்றேன்னு கேக்கறான். நிரப்பறதுக்கு இது என்ன தண்ணித் தொட்டியா? தாண்டிப் போடா எருமை. போ. போயி அந்தக் கல்லு வண்டி பொச்சுல முட்டிக்கோ. போயிட்டான், போறப்ப தலையத் திருப்பி ஒரு பார்வை வேற. மத்தியானம் ஒரு மணி வெயில்ல ரோடு தகதகங்குது, எனக்கு எல்லார் மேலயும் ஆத்திரமா வருது, முன்னாடி போறவன் மேல, பின்னாடி வர்றவன் மேல, இந்த டப்பா மேல. கட்டமேடு வந்தாச்சு. இனி இறக்கம். தொப்பூர்க் கணவாய்.

மூணாவது கியர்ல போட்டுட்டேன். எக்ஸாஸ்ட் பிரேக்க அமுக்கி விட்டா வண்டி தானா முனகிக்கிட்டு இறங்கும், காலுக்கு வேலை இல்ல. ஒரு சங்கதி இருக்கு, எக்ஸாஸ்ட் பிரேக் பிடிச்சா பழைய வண்டிகள்ல பின்னாடி சிவப்பு லைட்டு எரியாது. முன்னாடி போறவன் வேகம் குறைச்சது பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. இது எனக்கு நல்லாத் தெரியும். இதைத்தான் நான் போலீஸ் ஸ்டேசன்ல சொன்னேன், கோர்ட்ல சொன்னேன், தங்காயி கிட்ட சொன்னேன். பொன்னுரங்கம் வண்டியில லைட்டு எரியலைங்க. இத்தனை தடவை சொல்லியாச்சு, சொல்லிச் சொல்லி வாயில மழுங்கிப்போச்சு. அப்ப நாங்க ஜோடி ஓட்டுவோம். ஒரே ஓனர் வண்டி ரெண்டு, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நடுவுல ஒரு மோட்டார் சைக்கிள்கூடப் பூந்துர முடியாது. அப்படி ஒட்டிப் போறதுதான் கெத்து. சங்ககிரி டிரைவருங்கன்னா அப்படித்தான் போவாங்கன்னு மத்த ஊர்க்காரன் சொல்லணும். பொன்னுரங்கம் முன்னாடி, நான் பின்னாடி, எனக்குப் பின்னால மேல் பலகையில அய்யந்துரை. அய்யந்துரை எனக்கு மாத்து டிரைவர், பதினோரு வருசம் ஒரே வண்டியில, ஒரே தட்டுல சோறு. உளுந்தூர்ப்பேட்டைக்கு இந்தப் பக்கம், பட்டப்பகல், மூணு மணி, முன்னாடி வண்டியில முட்டினேன், அய்யந்துரை போயிட்டான். அவன் பொண்டாட்டி தங்காயி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அழுகைகூட இல்ல, அந்தப் பொம்பள நேராப் பார்த்துக் கேட்டா. அண்ணே, அப்ப அவரு தூங்கிக்கிட்டா இருந்தாரு? ஆமா தாயி, தூங்கிட்டுத்தான் இருந்தான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னேன். தூங்கல. பத்து நிமிசம் முன்னாடி எந்திரிச்சு உக்காந்து, மாரா, ரொம்ப ஒட்டறடா, விட்டுப் போடான்னான். நான் சொன்னேன், நீ படு, உன் முறை வர்றப்ப நீ விட்டுக்கோ. அதுதான் அவன்கிட்ட நான் பேசின கடைசி வார்த்தை. உன் முறை வர்றப்ப. தூ.

என்ன நாத்தம் இது? பிரேக் லைனர் கருகற நாத்தம். என் வண்டியா? இல்ல, நான் காலே வைக்கல. முன்னாடி பாரு. கல்லு வண்டிக்காரனுக்கு சிவப்பு லைட்டு விடாம எரியுது, அணையவே இல்ல. காலத் தூக்காம மிதிச்சுக்கிட்டே இறங்கறான். காதைக் குடுத்துக் கேளு, இஞ்சின் சத்தம் இருக்கா? கியர்ல இறங்கற வண்டி இந்நேரம் கணவாயே அதிரக் கத்தணும். கத்தல. நியூட்ரல். டேய், நியூட்ரல்ல உருட்டறியாடா? முப்பது டன் கல்ல வெச்சுக்கிட்டு? டீசல் மிச்சம் பண்றாராம் தொரை. ரோட்டோரத்துல ஆள் உயரத்துக்கு எழுதி வெச்சிருக்கான், நியூட்ரல்ல இறக்காதீங்கன்னு, அதைப் படிச்சுக்கிட்டே நியூட்ரல்ல போடற சாதி நம்ம சாதி. நானும் போட்டவன்தான், இல்லைன்னு சொல்லல. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினன்னு கேக்கற ஓனர் இருக்கற வரைக்கும் போடுவானுங்க. இதோ பின் சக்கரத்துல இருந்து புகை. லேசா, வெள்ளையா, இடது பக்கம். அவனுக்குத் தெரியாது. இடது பக்கக் கண்ணாடிய வேட்டிக் கிழிசல்ல கட்டி வெச்சிருக்கான், அது ஆகாசத்தப் பார்த்துக்கிட்டு ஆடுது. இன்னும் ரெண்டு வளைவு, அதுக்குள்ள லைனர் செத்துரும். அப்புறம் மிதிச்சா மண்ணுல மிதிச்ச மாதிரி. கீழ இரட்டைப் பாலம், அங்க எப்பவும் வண்டி தேங்கி நிக்கும், காரு, பஸ்சு, அந்த ஹாரன் அடிச்சானே அவனும் அங்கதான் இருப்பான்.

போய்ச் சொல்லணும். கிட்டப் போனாத்தான் சொல்ல முடியும். கிட்டப் போனா டப்பா கத்தும். மூணு. ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு. இங்கிருந்தே ஹாரன் அடி. அடிச்சேன். லைட்டப் போட்டுப் போட்டு அணைச்சேன். வலது கைய வெளிய நீட்டி, தாண்டிப் போ போன்னு ஆட்டறான், நான் வழி கேக்கறேன்னு நெனச்சுக்கிட்டு. முட்டாப் பயலே. எனக்கென்ன வந்துச்சு? டோல்கேட்டுல நீ பூந்து எனக்கு ரெண்டாவது வாங்கிக் குடுத்தியே, அப்ப என் பொழப்பப் பத்தி யோசிச்சியா? சாவு. நான் அஞ்சு எண்ணிக்கிட்டே பின்னாடி வர்றேன், ஆறு எண்ணிக்கிட்டு வர்றேன், நீ எங்க முட்டினாலும் நான் நிறுத்திக்குவேன், என் மேல ஒரு கீறல் விழாது, எல்லாரும் சொல்லுவாங்க மாரப்பன் சரியாத்தான் ஓட்டினான், தூரம் விட்டுத்தான் ஓட்டினான்னு. முதல் வளைவு. சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே போகுது. அந்த லைட்டப் பார்க்காதடா மாரா. வேற எதையாவது பாரு. எரியுது. நல்லா எரியுது. அன்னைக்கும் எரிஞ்சுது. யாருகிட்டயும் சொன்னதில்ல, எனக்கு நானே சொல்லிக்கிட்டதுகூட இல்ல. எரிஞ்சுது. ரெண்டு லைட்டும் பளிச்சுன்னு எரிஞ்சுது, நான் பார்த்தேன், பார்த்து என்ன பிரயோசனம், பொன்னுரங்கம் வண்டிக்கும் எனக்கும் நடுவுல ஒரு கட்டில் போடற இடம்தான் இருந்துச்சு. பார்க்கறதும் முட்டறதும் ஒண்ணாவே நடந்துச்சு. முட்டின முட்டுல அவன் பின்பக்கம் நொறுங்கிப்போச்சு, எரிஞ்சுதா எரியலையான்னு எந்த இன்ஸ்பெக்டரும் சொல்ல முடியல, எரியலைன்னு நான் முந்திக்கிட்டேன். பொன்னுரங்கம் என்னைப் பார்த்தான், ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு. இப்ப மண்டியில மூட்டை தூக்கறானாம். போதும், போதும். ஆயிரத்தி மூணு, ஆயிரத்தி என்ன மயிரு நாலு.

கியர ஏத்தினேன். வண்டி குதிச்சுது. டப்பா கத்துச்சு, "முன் வாகனத்துடன்", கத்து, கத்தித் தொலை, மூணாச்சு, நாலாச்சு, இனிமே எத்தனை ஆனா என்ன. அவன் வலது பக்கம் பாதி வண்டி தள்ளி ஏறினேன், அவன் கண்ணாடியில என் மூஞ்சி விழணும், விழுந்துச்சு, அவன் மூஞ்சியும் தெரிஞ்சுது, முப்பது முப்பத்திரண்டு இருக்கும், நெத்தியில விபூதி, என்னைப் பார்த்து வாயால திட்டறான். நான் பாதி உடம்ப வெளிய போட்டுக் கத்தினேன். "லைனர் எரியுதுடா நாயே! கியர்ல போடு! கியர்ல போடுடா!" கைய முறுக்கிக் காட்டினேன், பின் சக்கரத்தக் காட்டினேன். அந்த மூஞ்சி மாறினத நான் பார்த்தேன். ரத்தம் இறங்கிப்போச்சு. இஞ்சின் உறுமுச்சு, ஒரு தடவை, பல்லு நறநறன்னு, விழல, மறுபடியும் உறுமுச்சு, விழுந்துச்சு. வண்டி முழுசா ஒரு குலுக்கு குலுக்கி, கல்லு ரெண்டும் சங்கிலியில இழுபட்டுக் கிறீச்சிட்டு, வேகம் செத்துது. இடது பக்கம் மண் குவிச்சு வெச்சிருந்தாங்க, அதுல சக்கரத்த ஏத்தி நிறுத்தினான். நான் நூறடி கீழ போய் நிறுத்தினேன். இறங்கி மேல ஓடறேன், அவன் தண்ணிக் கேனத் தூக்கிக்கிட்டுப் பின் சக்கரத்துக்கு ஓடறான். புகையற பிரேக் டிரம்முல பச்சத் தண்ணிய ஊத்தப் போறான். கேனத் தட்டி விட்டேன், ரோட்டுல உருண்டுச்சு. "ஊத்துனா வெடிச்சு உன் மூஞ்சியிலயே அடிக்கும். தானா ஆறட்டும். ஒதுங்கி நில்லு." அவன் அப்படியே மண்ணுல உக்காந்துட்டான்.

போன் அடிச்சுது. கண்ட்ரோல் ரூம் சுதர்சன். நல்ல பையன்தான், அதனாலதான் இன்னும் எரிச்சல். "மாரப்பண்ணா, மூணு ஆயிருச்சே. என்னண்ணா இறக்கத்துல போய் இப்படி? ஓரங்கட்டிட்டீங்களா?" நான் சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன், நியூட்ரலு, புகை, இரட்டைப் பாலம். "கேமராவுல பார்த்துட்டேண்ணா. புகை தெரியல. கல்லுத் தூசி பறக்கற மாதிரிதான் இருக்கு. நீங்க ஏறிப் போனது மட்டும் நல்லாத் தெரியுது. ஒண்ணு பண்ணுங்க, அந்த டிரைவர் பக்கத்துல இருக்காரா? அவரு போன்ல ஒரு வார்த்தை சொல்லட்டும், ரெக்கார்டு பண்ணி மேல அனுப்பறேன். அந்த மூணாவதக் கணக்குல இருந்து கண்டிப்பா எடுத்துருவாங்கண்ணா." அப்பாடான்னு இருந்துச்சு, பொய் சொல்லல, நெஞ்சுல இருந்து ஒரு பாறாங்கல்ல இறக்கின மாதிரி. போன ஸ்பீக்கர்ல போட்டு அவன்கிட்ட நீட்டினேன். பேரு என்னடா? மாதேசுங்க. மாதேசு, நடந்தத அப்படியே சொல்லு, லைனர் புகைஞ்சுது, இவருதான் கிட்ட வந்து சொன்னாருன்னு, அவ்வளவுதான். போன வாங்கினான். சக்கரத்தப் பார்த்தான், அது இன்னும் புகைஞ்சுக்கிட்டு இருக்கு. என்னைப் பார்த்தான். "ரெக்கார்டாகுதுங்களா சார்?" ன்னு கேட்டான். ஆமாங்கன்னான் சுதர்சன். "உங்க ரெக்கார்டு எங்க ஓனருக்குப் போவுங்களா?" "கேட்டா குடுக்கணும்ங்க, என்னங்க ஆச்சு, சொல்லுங்க." அவன் கண்ணு அலைபாஞ்சுது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. "புகையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார். நான் கியர்லதான் வந்தேன். இவரு ஏன் ஒட்டிக்கிட்டு வந்து ஹாரன் அடிச்சாருன்னு தெரியலைங்க. பயந்துபோய் ஓரங்கட்டிட்டேன்."

ஒரு பிசிறு இல்ல குரல்ல. நல்லாச் சொன்னான். எவ்வளவு சுருக்காச் சொல்லணும், எந்த இடத்துல சார் போடணும், எல்லாம் தெரியுது, எனக்குத் தெரிஞ்ச மாதிரியே. போன ரெண்டு கையாலயும் நீட்டினான், கோயில்ல தட்டு நீட்டற மாதிரி. "அண்ணே, நியூட்ரல்னு தெரிஞ்சா ஓனர் நாளைக்கே நிறுத்திருவாருண்ணே. போன மாசம்தான் வண்டி ஏறினேன். ரெண்டு புள்ளைங்கண்ணே." அவன் சட்டையப் பிடிச்சுத் தூக்கினேன். எத்தனை லேசா இருந்தான். கைய ஓங்கினேன், அவன் முகத்தத் திருப்பிக்கல, அடிச்சுக்கங்கன்னு காட்டிக்கிட்டே நின்னான், ஒரு விதத்துல அது அடிய விடக் கேவலமா இருந்துச்சு. விட்டுட்டேன். அடிக்கற கை எனக்கு ஏது? சுதர்சன் மெதுவாப் பேசினான், "சாவிய சீட்லயே வெச்சிருங்கண்ணா, மாத்து டிரைவர் பாளையத்துல இருந்து வர்றாரு." வந்தான், முக்கால் மணி நேரத்துல, எவனோ ஒருத்தன் பைக்குல கொண்டாந்து விட்டுட்டுப் போனான். என் மூஞ்சியப் பார்க்காம ஏறினான். என் பை, என் தட்டு, என் துண்டு, மூணையும் எடுத்துக்கிட்டேன். வண்டிய எடுத்துக்கிட்டுப் போனான், ரெண்டாவது கியர்ல, பதனமாத்தான் போனான். வளைவுல திரும்பற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான், முப்பது வருசம், ஒரு வளைவுல முடிஞ்சுது.

வெயில் மண்டையப் பொளக்குது. இறங்கற வண்டிங்க ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, ஒட்டி ஒட்டி, எவனும் நாலு எண்ணல, எவனும் ரெண்டுகூட எண்ணல. மாதேசு அவன் வண்டிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கான், நான் இந்தப் பக்கம். புகை நின்னுருச்சு. அவன் வாய்ல இருந்து ஒரு வார்த்தை வந்தாலும் கழுத்த நெரிச்சிருவேன்னு உக்காந்திருந்தேன். எந்திரிச்சான். டிரம்மத் தொட்டுப் பார்த்தான், கேபினுக்குள்ள ஏறினான், ஸ்டேரிங்கப் பிடிச்சான். கியர்க் கம்பியப் பிடிச்சான், விட்டான், மறுபடி பிடிச்சான். இறங்கி வந்து என் முன்னாடி, எட்டி நின்னான், அடி எட்டாத தூரம். "அண்ணே. தப்புதாண்ணே. எனக்கு இறக்க முடியலண்ணே. கால் மிதிக்க மாட்டேங்குது." ஒரு அடி கிட்ட வந்தான். "இரட்டைப் பாலம் தாண்டற வரைக்கும் மட்டும் நீங்க இறக்கித் தர்றீங்களா?" கேட்டான் பாரு. வெக்கமில்லாம என்கிட்டயே கேட்டான் பாரு. எனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தை அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்னுச்சு, அவன் அப்பன், ஆத்தா, ஓனர், ஊரு, ஒருத்தரையும் விடாம. கீழ பாலத்துல வண்டிங்க நிக்குது, வரிசையா, கண்ணாடி எல்லாம் வெயில்ல மின்னுது. பையத் தூக்கித் தோள்ல போட்டேன்.

"சாவியக் குடு. நீ அந்தப் பக்கம் ஏறு. கீழ போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் தொறக்காத."